நாற்பத்தொரு பெயர்கள்

இன்னாசித்தம்பி அதற்கு முன் ஒரு நாளும் நிலாந்தினியின் வீட்டுக்கு வந்ததில்லை. மூன்று வருடப் பழக்கத்தில் அவள்தான் எப்போதும் நாவலடிக்கரைக்குப் போவாள். அன்று காலை அவர் வேலணைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, வழி விசாரித்து வந்து, படலைக்கு வெளியே நின்று செருமினார்.

நிலாந்தினியின் தாய் இராசமணி முற்றத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "ஆரோ கடற்கரைப் பக்கத்து ஆள் போல. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, மீன் வேண்டாமெண்டு சொல்லிவிடு."

"மீன் கொண்டு வரேல்லை அம்மா," என்றார் இன்னாசித்தம்பி படலைக்கு அப்பாலிருந்து. "கடுதாசிதான். கடுதாசி மணக்காது."

உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்தார். சேட்டுக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். மேலே இருந்தது ஒரு பத்திரிகைப் பக்கத்தின் பிரதி. நிலாந்தினிக்கு அதைப் பார்த்தவுடனே தெரிந்தது. அவளுடைய பக்கம். 'எழுதாத உறுதிகள்' என்ற தலைப்பு, அதன் கீழே அவள் கையால் கீறிய கடல் வரைபடம். நாற்பத்தொரு புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் அருகே ஒரு பெயர். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே, வெறுமையாக இருந்த ஏழு இடங்களில், யாரோ சிவப்பு மையால் ஏழு சதுரங்கள் போட்டிருந்தார்கள்.

அடுத்த தாள் ஊர்காவற்றுறைக் கடற்றொழில் அலுவலகம் கரைச் சனத்துக்கு அனுப்பிய ஒரு கடிதம். பத்திரிகையில் வெளியான ஆய்வின்படி பயன்பாட்டில் இல்லையெனக் காணப்படும் ஏழு கடற்பரப்புகள் கடலட்டைப் பண்ணைக்காக ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு வழங்கப்பட இருக்கின்றன. ஆட்சேபம் உள்ளவர்கள் புதன்கிழமை விசாரணைக்கு வரலாம்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"இந்த ஏழும் வெறுமையாத்தானே அண்ணை கிடந்தது. நாங்கள் போன நேரம்."

இராசமணி தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அது இன்னாசித்தம்பிக்கு முன்னால் ஆறியது.

"நீர் கேக்கேல்லை," என்றார் கடைசியில். "உமக்குத் தெரியுமெண்டு நான் நினைச்சன். ஏழு இடத்திலையும் எஞ்சினை நிப்பாட்டினனான் தானே பிள்ளை."

நிப்பாட்டினார். அது அவளுக்கு நல்ல ஞாபகம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஐப்பசி மாதம். நாவலடிக்கரையில் கடல் வெகுதூரம்வரை இடுப்பளவுதான். அங்கே தடிகளை ஊன்றி, வலையைச் சுற்றிக் கட்டி, வற்றுப்பெருக்கில் வரும் மீனையும் நண்டையும் உள்ளே மறித்து எடுப்பார்கள். களங்கண்டி வலை என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடலில் ஒரு இடம். அதற்குப் பாடு என்பார்கள். தகப்பனின் பாடு மகனுக்கு. காணிக்கு இருப்பதுபோல் எழுதிய உறுதி கிடையாது, எல்லைக் கல் கிடையாது, வேலி கிடையாது. மாதா கோயில் கோபுர முடியும் உப்புமடத்து மொட்டைப் பனையும் ஒரே நேரில் தெரிந்தால் இன்னாருடைய பாடு. முடி பனைக்கு ஒரு சாண் விலகினால் அடுத்தவருடையது. அப்போதுதான், வெளிநாட்டுக்கு விற்கக் கடலடி அட்டைகளை அடைத்து வளர்க்கும் கடலட்டைப் பண்ணைகள் தீவுப் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. இந்த இடங்களை யாராவது எழுதி வைக்காவிட்டால் ஒரு நாளைக்கு எல்லாம் போய்விடும் என்று நிலாந்தினிக்குத் தோன்றியது. கையில் தொலைபேசியோடும் கொப்பியோடும் இன்னாசித்தம்பியின் வள்ளத்தில் ஏறினாள்.

"உமக்கு ஏன் இந்த வேலை," என்று அவர் அன்று பகிடி பண்ணினார். "ஓ, நீர் வேலணைக்காரி. வேலியும் எல்லையும் இல்லாட்டி உங்கட ஆக்களுக்கு நித்திரை வராது. கடலிலையும் வேலிக் கதியால் போட வந்திட்டீர்."

சிரித்துக்கொண்டே அவள் ஒவ்வொரு தடிக்கூட்டத்தையும் குறித்தாள். இது ஆர்? இது சூசையற்றை. இது? இது என்ரை. இடையிடையே தடியும் இல்லாமல் வலையும் இல்லாமல் வெறுந்தண்ணீராக இருந்த இடங்களில் அவர் எஞ்சினை நிறுத்தினார். வள்ளம் தானாகக் கொஞ்சத் தூரம் நகர்ந்து நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். களைத்துப்போனார் என்று அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் அவள் போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். கொப்பியில் அடுத்த இலக்கத்தைப் போட்டாள். ஒரு தரம் பத்திரிகை அலுவலகத்துக்குப் பேசவும் செய்தாள். ஏழு தரம் எஞ்சின் நின்றது. ஏழு தரமும் அவளுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

"செத்த ஆளின்ரை பாட்டிலை ஒரு வருசத்துக்கு ஒருத்தரும் தடி ஊண்டுறேல்லை," என்று இன்னாசித்தம்பி இப்போது மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அடக்கம் முடிஞ்ச அடுத்த நாள் தடியெல்லாத்தையும் பிடுங்கிப் போடுவம். ஆண்டுப் பூசை ஒப்புக்குடுத்தாப் பிறகுதான் திரும்ப ஊண்டுறது. அதுமட்டும் அதாலை போற வள்ளம் எஞ்சினை நிப்பாட்டும். ஒரு பரமண்டல மந்திரம் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும், அவ்வளவுதான். அந்த வருசம் எங்களுக்கு ஏழு பேர்."

ஏழு பேரும் கொரோனாவில் போனவர்கள். ஆறு கிழமைக்குள் ஏழு பேர். ஒருவருடைய உடம்பையும் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. எங்கேயோ கொண்டுபோய் எரித்தார்கள். சேமக்காலையில் அவர்களுக்குக் குழி இல்லை, சிலுவை இல்லை. கரைச் சனத்துக்கு அந்த ஏழு பேரையும் வைத்திருக்கக் கிடைத்த இடம் கடலில் இருந்த அந்த வெறுமை மட்டுந்தான். அதைத்தான் நிலாந்தினி வெள்ளையாக விட்டு, சுற்றிவர மற்றவர்களின் பெயர்களை எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப்பக்கத்தில் போட்டிருந்தாள்.

"ஆண்டுப் பூசை முடியத் திரும்ப ஊண்டியிருக்கலாம்தானே அண்ணை?"

"ஊண்டியிருக்கலாம். மண்ணெண்ணெய் எங்கை இருந்தது? அந்த வருசம்தானே சனம் எண்ணெய் வரிசையிலை நிண்டு செத்தது. நீர்தானே அதையும் எழுதினீர்."

ஓம். அதையும் அவள்தான் எழுதினாள்.

பதினேழு வருடமாக அவள் எழுதியதெல்லாம் அந்த வகைதான். சுற்றாடல், மின்சாரம், சாப்பாடு. பத்திரிகையில் வேறு யாரும் விரும்பி எடுக்காத மூன்று விஷயங்கள். வேலணைக் கிணறுகள் உவராவதைப் பற்றி எழுதினாள். நெடுந்தீவுக்கு டீசல் படகில் போவதைப் பற்றி, வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்தைப் பற்றி, காற்றாலைக்கு அளக்க வந்தவர்கள் அளந்துவிட்டுத் திரும்பி வராததைப் பற்றி எழுதினாள். அவள் எழுதியதால் ஒரு கிணறும் இனிக்கவில்லை. வாசித்தவர்கள் 'நல்லா எழுதியிருக்கிறீர்' என்றார்கள். அதோடு முடிந்தது. 'எழுதாத உறுதிகள்' கொழும்பில் ஒரு விருது வாங்கியது. அதுவும் ஒரு கண்ணாடித் துண்டு, அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. பதினேழு வருடத்தில் அவள் எழுதிய ஒன்றே ஒன்றுதான் ஒரு அரச மேசைக்குப் போய், வாசிக்கப்பட்டு, அதன்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது. அது இது.

"புதன்கிழமை வந்து, படம் பிழையெண்டு ஒரு சொல்லுச் சொல்லும். அது காணும்," என்றார் இன்னாசித்தம்பி எழும்பிக்கொண்டு. தேத்தண்ணீரைக் குடிக்க மறந்துபோனார்.

அடுத்த நாள் அவள் நாவலடிக்கரைக்குப் போனாள். ஏழு பேரில் ஒருவரான அன்ரனிதாஸின் மனைவி மேரிசுகந்தி வீட்டுக்குப் பின்னால் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அன்ரனிதாஸின் தம்பி றொஜன், நாற்பது வயது மனிதன், கத்தியால் தடிகளுக்கு முனை சீவிக்கொண்டிருந்தான். புதிய தடிகள். நிலாந்தினி எண்ணிப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"ஊண்டுவம் எண்டு ரெண்டு தரம் வெளிக்கிட்டனாங்கள்," என்றாள் மேரிசுகந்தி. "முதல் தரம் எண்ணெய் இல்லை. ரெண்டாந்தரம் போகேக்கை அங்கை சிவப்புக் கொடி நட்டிருந்தது."

"நான் கேட்டிருக்க வேணும் அக்கா. கேக்காமல் எழுதிப்போட்டன்."

மேரிசுகந்தி வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இவ வந்து சொன்னால் விடுவாங்களோ?" என்றான் றொஜன் அண்ணியைப் பார்த்து.

"அவ எழுதினதை வைச்சுத்தானே எடுக்கிறாங்கள். அவ சொன்னால் விடத்தானே வேணும்." அது ஒரு கணக்குப் போல அவ்வளவு நேராக இருந்தது. "எனக்கு அது போனால் வேறை ஒண்டுமில்லை தங்கச்சி. வள்ளம் றொஜன்ரை. வலை கடன். அந்தப் பாடு மட்டுந்தான் அவர் வைச்சிட்டுப் போனது."

புதன்கிழமை ஊர்காவற்றுறையில் கடற்றொழில் அலுவலக அறை நிறைந்திருந்தது. கம்பனியின் பக்கத்தில் ஒரே ஒரு ஆள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை வாய் திறக்கவில்லை. விசாரித்த உத்தியோகத்தரின் பெயர் நிலக்ஷன். முப்பது வயதுக்கு மேல் இராது. நிலாந்தினியைக் கண்டதும் எழும்பி நின்றான்.

"அக்கா, நான் கம்பஸிலை படிக்கேக்கை உங்கட பக்கத்தை வெட்டி ஒட்டி வைச்சிருந்தனான். இந்தப் படத்தை இஞ்சை கொண்டு வந்ததே நான்தான்."

அவன் பெருமையோடு சொன்னான். அவனுக்குப் பின்னால் சுவரில் அவளுடைய படம், பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

அவள் எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தாள். ஏழு இடங்கள் பற்றிய வழக்கத்தைத் தான் அறியவில்லை, விசாரிக்கவில்லை, அவை வெறும் இடங்கள் அல்ல, பிழை தன்னுடையது என்று வாசித்தாள். வாசித்து முடித்தபோது மேரிசுகந்தி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

நிலக்ஷன் குறிப்பு எடுத்தான். பிறகு பேனையைக் கீழே வைத்தான்.

"படம் முழுக்கப் பிழையோ அக்கா, அந்த ஏழு இடமும் மட்டும் பிழையோ?"

"ஏழும் மட்டும்."

"மற்ற நாற்பத்தொண்டும் சரி."

"சரி."

"எப்பிடிச் சொல்லுறியள்? அதே நாள், அதே வள்ளம், காட்டினதும் அதே ஆள். ஏழைப் பிழையாப் பார்த்தவ நாற்பத்தொண்டைச் சரியாப் பார்த்தவ எண்டு நான் எப்பிடி அறிக்கை எழுதுறது?" அவன் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவனுடைய முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "மூண்டு வருசமாத் திருத்தம் ஒண்டும் பேப்பரிலை வரேல்லை. விருதும் குடுத்திருக்கினம். என்னாலை ரெண்டிலை ஒண்டுதான் எழுத ஏலும். படம் நம்பக்கூடியது. இல்லாட்டி நம்பக்கூடாதது. நம்பக்கூடாதது எண்டு எழுதினால் ஏழும் தப்பும், ஓம். ஆனா இந்தக் கரைக்கு இன்னும் முப்பது பண்ணை விண்ணப்பம் கிடக்கு அக்கா. அந்த நாற்பத்தொரு பேருக்கும் இந்தப் படத்தைத் தவிர ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. அதையும் நீங்களே இல்லையெண்டு சொன்னால், நாளைக்கு நான் எதைக் காட்டி மறிக்கிறது?"

நாற்பத்தொரு குடும்பங்களிலும் பாதிக்கு மேல் அந்த அறைக்குள்ளேயே நின்றன. அவர்கள் அந்த ஏழு பேருக்காக வந்தவர்கள். இப்போது ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. நிலாந்தினி இன்னாசித்தம்பியைத் தேடினாள். படத்தில் அவருடைய பெயர் பன்னிரண்டாவது. அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தி ஒரு சாடை காட்டினால் போதும் என்று அவள் காத்திருந்தாள். இந்தப் பக்கமாகவோ அந்தப் பக்கமாகவோ. அவர் நிமிரவில்லை. வள்ளத்தில் அவர் காட்டிய அந்த மௌனத்தை அவள் அன்று கேட்கத் தவறினாள். இதைக் கேட்டாள். இதில் என்ன இருந்தது என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் ஒரு பயனும் இருக்கவில்லை.

"படம் சரி," என்றாள்.

"நம்பக்கூடியது எண்டு எழுதவோ?"

"ஓம்."

நிலக்ஷன் எழுதினான். வரைபடத்தின் நம்பகத்தன்மையை அதன் ஆசிரியரே நேரில் உறுதிப்படுத்தினார். அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். மேரிசுகந்தி பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரையும் இடிக்காமல், சனத்துக்குள்ளால் வெளியே போனாள்.

பஸ் தரிப்பில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டி வந்தது. வேறு பஸ் இல்லை. வெயில் றோட்டைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"நீர் வேறை என்னத்தைச் சொல்ல ஏலும்," என்றாள் மேரிசுகந்தி. அதில் கோபம் இருந்திருந்தால் நிலாந்தினிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "அந்த நாற்பத்தொண்டிலை என்ரை தமையனும் ஒண்டு."

பிறகு, பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "அந்தப் படத்திலை எல்லாற்றை பேரும் கிடக்கு. என்ரை இவரின்ரை பேர் ஒரு மூலையிலை தன்னும் இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா."

மேரிசுகந்தி தலையசைத்தாள். பஸ் வந்தது. அவள் முன் கதவால் ஏறினாள். நிலாந்தினி பின் கதவால் ஏறினாள்.

அன்றைக்கே அவள் திருத்தம் எழுதி அனுப்பினாள். ஏழு பெயர்களையும், ஒவ்வொருவரும் இறந்த திகதியையும், அவர்களுடைய பாடு எந்த நேரில் இருக்கிறது என்பதையும் எழுதினாள். அது அடுத்த கிழமை ஒன்பதாம் பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்கும் காணி விற்பனை விளம்பரத்துக்கும் நடுவில் வந்தது. 'எழுதாத உறுதிகள் கட்டுரையில் சில விபரங்கள் தவறுதலாக விடுபட்டுள்ளன. வருந்துகிறோம்.' பெயர்கள் இல்லை.

"பெயர் போட்டால் கம்பனி வழக்குக்கு வரும்," என்றார் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில். "உம்மிலை பிழை சொல்லேல்லை. உம்மட பக்கத்தைத் தீவுப் பண்ணைகளுக்கு ஒரு விசேட மலரா மாத்தப்போறம். நீர்தான் செய்ய வேணும். உம்மட பேரிலை வந்தால்தான் சனம் நம்பும்."

அவள் பதில் சொல்லவில்லை. அவர் இணைப்பு அறுந்துபோயிற்று என்று நினைத்து வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவள் நாவலடிக்கரைக்குப் போனது எழுதுவதற்காக அல்ல. ஏன் போனாள் என்று அவளைக் கேட்டால் சொல்லியிருக்கமாட்டாள். இன்னாசித்தம்பி அவளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் வள்ளத்தைத் தள்ளினார். கொப்பியும் கொண்டு வரவில்லை என்று அவர் கவனித்திருக்க வேண்டும்.

கடல் மாறியிருந்தது. முதல் வெறுமை இருந்த இடத்தில் பச்சை வலை அடைப்பு. நான்கு மூலையிலும் கொங்கிறீற் தூண். நடுவில் தண்ணீருக்கு மேலே தகரக் கொட்டில். இரண்டாவது இடமும் அப்படி. மூன்றாவது இடத்துக்குக் கிட்டப் போனபோது மாதா கோயில் முடியும் மொட்டைப் பனையும் ஒன்றின் மேல் ஒன்று வந்து நின்றன. அன்ரனிதாஸின் பாடு. இன்னாசித்தம்பி எஞ்சினை நிறுத்தினார். வள்ளம் தானாக நகர்ந்து அடைப்பு வலையில் மெல்ல முட்டி நின்றது. அவர் தொப்பியைக் கழற்றினார். நிலாந்தினி கைகளை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் வேறு ஒன்றும் செய்யவில்லை.

கொட்டிலுக்குள்ளிருந்து காவல்காரன் வெளியே வந்தான். கம்பனிச் சேட்டும் கம்பனித் தொப்பியும். றொஜன்.

"இன்னாசி அண்ணை," என்றான். "இஞ்சை நிப்பாட்டக் கூடாது."

"ஒரு நிமிசமடா."

"ஏன் நிப்பாட்டுறியள் எண்டு எனக்குத் தெரியாதோ அண்ணை." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். "மேலை கமரா பூட்டியிருக்கினம். வள்ளம் நிண்டால் உடனை எனக்கு ஃபோன் வரும். அண்ணிக்கும் இஞ்சைதான் வேலை போட்டுத் தந்திருக்கினம், அட்டை அவிக்கிற இடத்திலை. கோவியாதேயுங்கோ."

கோயில் மணி அடிக்கும் நேரம் அல்ல. காற்றும் இல்லை. இன்னாசித்தம்பியின் உதடுகள் பாதி மந்திரத்தில் நின்றன. கொட்டிலுக்குள் தொலைபேசி அடித்தது.

இன்னாசித்தம்பி கயிற்றைப் பிடித்து இழுத்தார். முதல் இழுப்பில் எஞ்சின் பற்றவில்லை. இரண்டாவது இழுப்பில் பற்றியது. றொஜன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, போங்கோ, போங்கோ என்று கையைக் காட்டினான்.